குழலைத் தொடவில்லை

தாத்தா செத்ததும் அவருடைய நாட்டுத் துப்பாக்கி பெரியப்பா வீட்டுப் பரணுக்குப் போனது. கல்வராயன் மலையில் சாமைக் கொல்லைக்குக் காவல் நின்றது அது. குழல்வாயில் கரிமருந்து கொட்டி, கம்பியால் இடித்து, ஈயக் குண்டு போட்டு, கேப்பு வைத்துச் சுடுகிற ரகம். இந்த ரகத்துக்குப் பயிர்க்காவல் என்றே உரிமம் தர 1959 ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு, தாத்தாவிடம் இருந்தது. ஆனால் லைசென்ஸ் ஆளோடு போய்விடும். பொருள் வாரிசுக்கு வரும், உரிமை தானாக வராது.

“துருவெடுத்து, குதிரையச் சரிபண்ணி மாட்டி வெப்போம்டா, அவரு ஞாபகமா” என்றார் பெரியப்பா.

எந்த ஞாபகம்? பன்றியை விரட்டப் பல நாள் வெடிச்சத்தமே போதும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டில் மான்கறி வெந்தது. மான் சாமை தின்னத்தான் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து லீவுக்கு மலையேறிய நானும் கேட்கவில்லை. ரெண்டாவது தடவை வாங்கித் தின்றேன். சுடுகிற நிலைக்குக் கொண்டுவந்தால் அது சீரமைப்பா, இன்னொரு வேட்டைக்கு ஆயத்தமா? பளபளப்பாக்கிச் சுவரில் மாட்டினால் மானையும் சேர்த்துத் துடைத்துவிடுவேன். துருவோடு விட்டால், எங்கள் சோற்றுக்காக அவர் கண்விழித்த ராத்திரிகளும் மக்கிப்போகும்.

ஸ்டேஷனில் ஒப்படைச்சிடலாம் என்றேன். பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை.

“தொடச்சாவது குடு. நம்ம வீட்டுப் பொருளு.”

தாத்தாவின் கன்னம் பட்டு வழவழத்த கட்டையில் மட்டும் தேங்காயெண்ணெய் தடவினேன். குழலைத் தொடவில்லை.