தொண்டும் தரகும்

பொதுத்தொண்டு செய்பவருக்கு அதன் காரணமாகவே வியாபாரமும் பெருகினால், அந்தத் தொண்டுக்கு அல்லாஹ்விடம் நற்கூலி உண்டா? மனைத்தரகு செய்யும் சகோதரர்கள் அவசியம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

சென்னை–திருப்பதி சாலையில் உள்ள திருத்தணியை எடுத்துக் கொள்வோம். ஆடிக் கிருத்திகைக்கு அவ்வூரில் பெருங்கூட்டம் திரளும். அங்கே ஒரு முஸ்லிம் தரகர் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். தாகித்தவருக்கு நீர் தருவதில் மதம் பார்க்க வேண்டியதில்லை. மய்யித்து வீடுகளில் அவர் முன்னின்று காரியம் பார்க்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருகிறார். மனை வாங்க நினைப்போர் அவரையே தேடி வருவது இயற்கைதானே?

இதில் பாவம் இல்லை. ஹஜ்ஜுக்குச் செல்பவர் வணிகத்தின் மூலம் இறையருளைத் தேடுவதில் குற்றமில்லை என்பதைத் திருமறையின் பகரா அத்தியாயம் 198ஆம் வசனம் உணர்த்துகிறது. ஹஜ்ஜிலேயே அனுமதி உண்டென்றால் தண்ணீர்ப்பந்தலில் தடை ஏது?

தரகர்களுக்கென்றே ஒரு நபிமொழி உண்டு. கைஸ் பின் அபீ கரஸா (ரலி) அறிவிப்பதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணப்படுகிறது. தரகர்கள் என்று அழைக்கப்பட்டு வந்த அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் வணிகர்கள் என்னும் அழகிய பெயரால் அழைத்தார்கள். வாணிபத்தில் வீண்பேச்சும் சத்தியமும் சேர்ந்துவிடுவதால், அதில் தர்மத்தைக் கலந்து கொள்ளுமாறு பணித்தார்கள்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாணிபத்தில் தர்மத்தைக் கலக்கச் சொன்னார்களே தவிர, தர்மத்தில் வாணிபத்தைக் கலக்கச் சொல்லவில்லை. தரகுக் கூலியில் ஒரு பங்கை ஏழைக்குத் தருவது முதல் வகை. தண்ணீர்க் குவளையோடு விளம்பரச் சீட்டையும் நீட்டுவது இரண்டாம் வகை. ஒரு மனைகூட விற்காத ஆண்டிலும் பந்தல் இருக்குமா? மனை வாங்க வழியற்ற ஏழையின் ஜனாஸாவுக்கும் அதே தோள் கிடைக்குமா? இவ்விரு கேள்விகளுக்கும் அவரவர் உள்ளமே பதில் சொல்லிவிடும்.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்றுண்டு. கணவரின் சந்தூக்கைச் சுமந்தவர் என்ற நன்றியோடு ஒரு விதவைத் தாய், மகளின் கல்யாணப் பணத்தைக் கொண்டு வந்து, "பாய், அந்த மனை நல்லதுதானே?" என்கிறார். வில்லங்கச் சான்றிதழை அவர் கேட்கவில்லை. தொண்டையே சான்றிதழாக நம்பிவிட்டார். அப்படி நம்பியவரிடம் குறையை மறைப்பது மற்றவரிடம் மறைப்பதைவிடக் கொடியதல்லவா? பட்டா, மனைப்பிரிவு அனுமதி, நீர்நிலைப் புறம்போக்கா என்ற விவரம் யாவற்றையும் அவர் கேளாமலே எடுத்துச் சொல்வது கடமை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி. பழைய பத்திரம் தெலுங்கில் இருந்தால் படித்துப் பொருள் சொல்வதும் தொண்டுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல, எல்லா மதத்தாருக்கும் கதவு திறந்தன. நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி உணவு சுமந்தனர். ஏரிகளையும் தாழ்நிலங்களையும் தூர்த்துப் போட்ட மனைகள் அன்று மூழ்கின. ஏரிக்குள் மனை விற்ற கையே சோற்றுப் பொட்டலத்தையும் நீட்டினால், அதைத் தொண்டு என்பதா, கடனில் ஒரு சிறு தவணை என்பதா?

மனை வாங்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. தொண்டரை மதியுங்கள், பத்திரத்தையும் பாருங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அவர் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற தரகரா என்று கேட்பது அவமதிப்பாகாது. நேர்மையான தரகர் அக்கேள்வியை மகிழ்ச்சியோடு வரவேற்பார்.

நம் தொண்டில் தூய எண்ணத்தையும், தொழிலில் வாய்மையையும், வருவாயில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.