அணைப்பு

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் அம்மா திருநெல்வேலியிலிருந்து அழைத்தாள். "ஏட்டி, இந்த டிவிக்கு என்னமோ ஆயிப்போச்சு. ராத்திரி பத்தரை ஆச்சுன்னா தானா அணைஞ்சிருது." மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். "நாந்தான் எதையாவது அமுக்கிருதேன் போல. வயசாயிட்டுல்லா" என்றாள்.

அணைத்தது நான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கைபேசியில்.

அம்மாவுக்கு 71 வயது. ரத்த அழுத்தம் உண்டு. பழைய படம் ஓடினால் நள்ளிரவு ஒரு மணி வரை பார்ப்பாள். நேரத்தோடு தூங்கும்படி மருத்துவர் என் முன்னால்தான் சொன்னார். அவள் கேட்கவில்லை. தீபாவளிக்குப் போயிருந்தபோது, வீட்டிலிருந்த ஸ்மார்ட் டிவியை என் கைபேசிச் செயலியோடு இணைத்தேன். அம்மா அடுக்களையில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கைபேசியை அனுமதிக்கலாமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. அவளுடைய ரிமோட்டை எடுத்து, 'ஆம்' என்று நானே அழுத்தினேன்.

அந்தக் கேள்வி ஒரே ஒருமுறைதான் வரும். 'ஆம்' என்றதும் டிவி அந்தக் கைபேசிக்கு ஒரு சாவியைக் கொடுத்துவிடுகிறது. அதன்பிறகு கேட்பதில்லை. ஒரே வைஃபையில் இருந்தால் கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்ச் சேரும். வேறு ஊரிலிருந்து அனுப்பினால், நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். திரைக்கு முன்னால் இருப்பவர் யார், அவருக்குச் சம்மதமா என்று வழியில் எங்கும் கேட்கப்படுவதில்லை. ஒருமுறை தலையசைத்தால் ஆயுளுக்கும் சம்மதம் என்று கொள்ளும் ஏற்பாடு, நம் பெண்களுக்குப் புதிதல்ல.

எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் பெரிய திரை ஒன்று உண்டு. அதை இயக்குவது கம்பி. ஆர்எஸ்-232 என்று பெயர். 1960இல் வந்த தரம். கணினியிலிருந்து எழுத்தெழுத்தாகக் கட்டளை போகும். ஆய்வக உதவியாளர் ஒருநாள் கையேட்டைக் காட்டி விளக்கினார். திரையை எழுப்ப, உறங்கவைக்க, ஒலியைக் குறைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. ரிமோட்டைப் பூட்டவும் ஒரு குறி உண்டு. அதை அனுப்பிவிட்டால், திரைக்கு எதிரே இருப்பவர் கையிலுள்ள ரிமோட் வேலை செய்யாது. கட்டளை நிறைவேறியதும் திரை 'ஓகே' என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் கட்டளையிட்டவருக்குத்தான் போகிறது.

இந்தக் கடைசி விவரம் என்னை உறுத்தியது. அம்மா டிவிக்கு முன்னால் இருந்தாள், கட்டளை போட்டது நான். 'அணைந்துவிட்டது' என்ற செய்தி ஒவ்வோர் இரவும் அறுநூறு கிலோமீட்டர் தாண்டி என் கைக்கு வந்தது. அவளுக்குக் கிடைத்தது இருட்டு மட்டும்.

பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்தில் கணவன் மேல்மாடியில் ரகசியமாக நகை தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்றும்போது கீழே மனைவியின் அறையில் கேஸ் விளக்கு மங்குகிறது. அவள் மங்கியதைப் பார்க்கிறாள். காரணம் தெரியாததால் தன் புத்தி மேலேயே சந்தேகம் கொள்கிறாள். அந்த நாடகத்தின் பெயரிலிருந்துதான் 'கேஸ்லைட்டிங்' என்ற சொல்லே வந்தது. 2018இல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட ஒரு செய்தி, அதே விளக்கு இன்றைய வீடுகளில் எரிவதைச் சொன்னது. தொடாமலே அணையும் ஏசி, தினமும் மாறும் கதவுப் பூட்டின் எண், ஆளில்லாமல் ஒலிக்கும் அழைப்புமணி. விட்டுப் போன ஆண்கள் கைபேசியிலிருந்து வீட்டை ஆட்டிவைத்தார்கள். கருவிகளைப் பொருத்தியவர்களும் கடவுச்சொல் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே.

நான் அவர்களைப் போலவா? என் நோக்கம் வேறு என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய நூலில், உடைந்து விழக்கூடிய பாலத்தில் கால்வைக்கப் போகிறவரைப் பற்றிச் சொல்கிறார். எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து நிறுத்தலாம். விழுவது நிச்சயமில்லை, விழ வாய்ப்பு உண்டு என்ற நிலையில் எச்சரிக்கலாம், முடிவு அவருடையது. அம்மாவுக்குப் பாலம் எது என்று தெரியும். எச்சரிக்க எனக்கு நேரமும் இருந்தது. மில் இந்த உரிமையைக் குழந்தைகளுக்குத் தரவில்லை. நானும் அம்மாவைக் குழந்தையாக்கித்தான் பிடித்து நிறுத்தினேன். தந்தை, கணவன், மகன் என்று பெண்ணுக்குக் காவலர் மாறிவரும் வரிசையை ஆண்டுதோறும் வகுப்பறையில் கிழித்துப் போடுகிறவள் நான். அதே வரிசையின் கடைசியில் 'மகள்' என்று என்னைச் சேர்த்துக்கொண்டேன்.

தமிழில் அணைத்தல் என்றால் தழுவுதல். விளக்கை நிறுத்துவதும் அணைத்தல்தான். முதலாவதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்துவந்திருக்கிறேன். தழுவ வேண்டுமென்றால் ஆள் அருகில் இருக்க வேண்டும். தழுவப்படுகிறவர் விலகவும் முடிய வேண்டும். யார் அணைக்கிறார் என்றே தெரியாதவர் எப்படி விலகுவார்?

நோக்கம் நல்லதாக இருந்தும், அவளுக்கு நேர்ந்தது அந்த நாடகத்து மனைவிக்கு நேர்ந்ததுதான். 'வயசாயிட்டுல்லா' என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். தூக்கத்தைக் கொடுக்கப் போய், தன் கைகளின் மேல் அவளுக்கிருந்த நம்பிக்கையைப் பறித்திருந்தேன்.

அன்றே சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த முந்நூறு ரூவாயக் குடுத்துரு" என்றாள். வீடியோ அழைப்பில் அமைப்புகளுக்குள் போக வழி சொன்னேன். இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலில் என் கைபேசியின் பெயர் இருந்தது. அவளே அதை நீக்கினாள்.

அவளுடைய ரத்த அழுத்தம் குறையவில்லை, என் கவலையும்தான். இப்போது இரவு பத்தரைக்கு அவளை அழைக்கிறேன். சில நாள் பேசுவாள். சில நாள், "படம் ஓடுதுட்டி, காலையில பேசுதேன்" என்று வைத்துவிடுவாள்.