கார் பிடிக்கும் விரதம்

கந்தசஷ்டி நாள் ஒன்றில் ஹனோவரிலிருந்து ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஏ2 நெடுஞ்சாலை அந்தப் பக்கம் நெடுந்தூரம் சமதரையாகக் கிடக்கும். பக்கத்தில் இருந்த மகன் கார்த் திரையைக் காட்டி, "அம்மா, காரும் இண்டைக்கு விரதம் பிடிக்குது" என்றான். இரண்டு சிலிண்டரில் ஓடுவதாகத் திரையில் எழுத்து வந்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவனே கேட்டான்: "அப்ப அந்தப் புண்ணியம் ஆருக்கு?"

விளையாட்டாக அவன் கேட்கவில்லை. நானும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களுடையது கோல்ஃப் வேரியன்ட். ஜேர்மனியில் கொம்பி என்று சொல்லும் வகை. பின்பக்கம் பெட்டிபோல நீண்டிருக்கும். இருக்கைகளை மடிக்காமலே 605 லீற்றர் இடம். அரிசிச் சாக்கு, மடக்குக் கட்டில், மாம்பழப் பெட்டிகள், தேர்த் திருவிழாவுக்கு மடித்த காவடி, எல்லாம் அதில் போயிருக்கின்றன. இவ்வளவையும் இழுப்பது 1498 கன சென்ரிமீற்றர் கொண்ட சின்னப் பெற்றோல் எஞ்சின். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அந்தச் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் பலத்தைக் காட்டுகிறது. பலம் வேண்டாத நேரத்தில் அது இன்னொன்றும் செய்கிறது. நிமிடத்துக்கு 1400 முதல் 4000 சுற்றுக்குள், பாரம் குறைவாக, சீராக ஓடும்போது நடுவிலுள்ள இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் வேலையை விட்டுவிடும். வால்வுகள் மூடியபடியே இருக்கும். பெற்றோல் போகாது, பொறி விழாது. பிஸ்டன்கள் மட்டும் அடைபட்ட காற்றை அமுக்குவதும் விடுவதுமாக மேலும் கீழும் போய்வரும். காலைச் சற்று அழுத்தினால் நான்கும் திரும்ப எரியும். இந்த மாற்றம் நடப்பது உடம்புக்குத் தெரியவே தெரியாது.

யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் சைவசமயம் ஒரு பாடம். அங்கே படித்துப் பிறகு பெரியவர் ஒருவரிடம் சிவஞானபோதத்தைச் சூத்திரம் சூத்திரமாகக் கேட்டவள் நான். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த 12 சூத்திரங்கள்தான் அந்த நூல். சித்தாந்தத்தில் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைச் சொல்வார்கள்: உடம்பு, கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள்கள். இவை மாயையில் இருந்து வந்தவை, சடம். உயிர் தன் வினையை அனுபவித்துப் பக்குவப்படுவதற்காக இறைவன் கூட்டிக் கொடுத்தவை. சடத்துக்கு வினை கிடையாது. கத்தி வெட்டினாலும் பாவம் கத்தியைச் சேராது. விளக்கு எரிந்தாலும் தொண்டு விளக்குடையது ஆகாது. காரும் ஒரு கரணம். அது மிச்சம் பிடிக்கும் பெற்றோலுக்குப் புண்ணியக் கணக்கு அதனிடம் இல்லை.

இது எளிய பாதி. கடினமான பாதி, என் கணக்கில் ஏதாவது சேருமா என்பது. நான் ஒன்றும் செய்யவில்லையே. காரைச் செய்த கம்பனிகூட அறத்துக்காக இப்படிச் செய்யவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சட்டம் இயற்றி, விற்கும் கார்கள் வெளிவிடும் கரியமில வாயுவின் சராசரியை 2015இல் கிலோமீற்றருக்கு 130 கிராமுக்கும், அதன்பின் 95 கிராமுக்கும் இறக்கச் சொன்னது. மீறினால் பெரிய தண்டப்பணம். எஞ்சின்கள் சிறுத்ததும் டர்போ குடும்பக் கார்களுக்குள் வந்ததும் பெரும்பாலும் அந்த நெருக்குதலால்தான். சட்டம் கட்டிய கையை ஈகை என்றோ, பொறியியல் பூட்டிய வாயை விரதம் என்றோ நான் சொல்லமாட்டேன்.

இந்தக் கார் பிறந்த ஊர் சாக்சனியிலுள்ள ட்ஸ்விக்காவ். அங்குள்ள ஹோர்ஷ் அருங்காட்சியகத்தில் ட்ராபன்ட் கார்களை வைத்திருக்கிறார்கள். கிழக்கு ஜேர்மனியின் அந்த மக்கள் கார் அதே ஊரில்தான் 1991 ஏப்ரல் வரை உற்பத்தியானது. ட்ராபன்ட் 601இலும் ஒரு கொம்பி உண்டு. 1965இல் வந்தது, யுனிவேர்சல் என்று பெயர். 594 கன சென்ரிமீற்றர், 26 குதிரைவலு, இரண்டே சிலிண்டர். பெற்றோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். தகட்டுக்குத் தட்டுப்பாடு என்பதால் பருத்தி நாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திய பலகையில் வெளிச்சட்டம். பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்து வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அதன் முன்னால் நின்றபோது மகனின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்ததுபோல இருந்தது. ட்ராபன்ட் இரண்டு சிலிண்டரில் ஓடியது, வேறு இல்லாததால். அது சிக்கனமும் இல்லை. எங்கள் கோல்ஃபைவிடக் கூடுதலாகவே குடித்தது. அதே ஊரில் பிறந்த கோல்ஃப், நான்கு இருந்தும் இரண்டை நிறுத்துகிறது. இருந்தும் எடுக்காமல் இருப்பதுதானே விரதம். சோறு இல்லாதவனின் பட்டினியை நாங்கள் உபவாசம் என்பதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, அந்த விடை சரியில்லை என்று பட்டது. அதற்குக் காரணம் என் அப்பா.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. எங்கள் வீட்டில் பழைய ஒஸ்ரின் ஏ40 இருந்தது. அந்தக் காலத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பது அங்கே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெருவெல்லாம் அந்தப் புகை நாறும். அப்பாவிடம் ஒரே ஒரு போத்தல் பெற்றோல். கோடிப்புறத்துக் கொட்டிலில் சாக்குச் சுற்றி வைத்திருப்பார். கலியாண வீட்டுக்கென்று அதைத் திறந்ததில்லை. அம்மாவைச் சைக்கிளில் ஏற்றி, எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு போவார். ஒழுங்கையில் யாருக்காவது இரவில் பிரசவ வலி கண்டால், பாம்பு கடித்தால், கேட்க முன்பே போத்தலோடு காரடிக்கு வந்துவிடுவார். திரும்பி வந்ததும் எவ்வளவு மிச்சம் என்று ரோர்ச் அடித்துப் பார்ப்பார்.

இல்லாமைக்குள் தெரிவுக்கு இடமில்லை என்று சொல்பவர்கள், அப்படியொரு போத்தலைக் கையில் வைத்திருந்தவர்கள் அல்லர். பெற்றோல் இல்லாதது அவர் செய்த வினை இல்லை. அது வந்து சேர்ந்தது. அந்தக் கடைசிக் கால் போத்தல் யாருக்கு என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. சித்தாந்தம் அறிவு, இச்சை, செயல் மூன்றையும் உயிரின் பக்கத்தில் வைக்கிறது. மூன்றும் அங்கே கூடியிருந்தன. ஆகவே கணக்கைப் பிரிக்கவேண்டிய இடம் 'இருந்தது, இல்லை' என்பதில் கிடையாது. யார் தீர்மானித்தார் என்பதில்தான் இருக்கிறது. அப்பாவின் ஏ40 புகை கக்கி, எண்ணெய் ஒழுகி, மிக மோசமாகத்தான் எரித்தது. அதை ஓட்டியவரின் சிக்கனம் எங்கள் கோல்ஃபின் சிக்கனத்தைவிட மேலானது என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

மகன் பொறியியல் படிக்கிறான். இதை அவன் எளிதில் விடமாட்டான். "ஆர் தீர்மானிச்சால் என்ன அம்மா? எரியாத பெற்றோல் எரியாததுதானே. காத்துக்கு அது தெரியுமே?" என்றான். இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. அது எந்த மனநிலையில் எரிந்தாலும் அவ்வளவுதான். மனத்தூய்மையை மட்டும் பிடித்துக்கொண்டு உலகம் சூடாவதைப் பார்த்திருக்கும் சமயம் எனக்கும் வேண்டாம்.

ஆனால் அவனுடைய கணக்கு எஞ்சினோடு நின்றுவிடுகிறது. 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் நிலக்கரி பற்றி ஒரு நூல் எழுதினார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் முந்தியவற்றைவிடக் குறைந்த கரியில் வேலை செய்தது. அதனாலேயே நீராவி மலிந்து, எங்கும் பரவி, இங்கிலாந்தின் மொத்தக் கரிச் செலவு கூடியது என்று காட்டினார். கார் விடயத்தில் முழுவதும் அப்படித் தலைகீழாகிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. மிச்சத்தில் ஒரு பங்கு திரும்பச் செலவாகிறது என்பது நிச்சயம். எங்கள் ஆட்களைப் பார்த்தாலே தெரியும். காருக்குச் செலவு குறைவு என்றவுடன் பாரிஸ் லாசப்பலுக்கு மரக்கறி வாங்கப் போகிறோம். சூரிச்சில் சாமத்திய வீடு என்றால், மண்டபத்தில் முகத்தைக் காட்டிவிட்டு அன்றிரவே திரும்புகிறோம். ஒரே ஊரிலிருந்து ஒரே மண்டபத்துக்கு நான்கு கார், காருக்கு ஒருவர் இருவர். இரண்டு சிலிண்டர் மிச்சம் பிடித்ததை ஆசை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சினுக்கு மிதத்தைக் கற்றுக்கொடுக்கலாம். போகவேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்று அதற்குத் தெரியாது.

டர்போ எஞ்சினில் இன்னொரு பாடமும் உண்டு. அதன் சிக்கனம் வலது காலைப் பொறுத்தது. மெதுவாக அழுத்தினால் சின்ன எஞ்சின். ஓங்கி அழுத்தினால் டர்போ காற்றைத் திணிக்க, அதற்கு ஏற்ற பெற்றோலும் போகும். மிகக் கடுமையாக விரட்டினால் எஞ்சினின் சூட்டைத் தணிப்பதற்கென்றே கூடுதல் பெற்றோலை ஊற்றும் எஞ்சின்களும் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 120இல் போவதைவிட 160இல் போகும்போது அது ஏறக்குறைய 1.8 மடங்கு. ஜேர்மன் நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் 160 குற்றமில்லை. 1978இலிருந்து 130 என்பது வெறும் பரிந்துரை. இவ்வளவு திறந்த தெரிவை மனிதர்களின் காலடியில் வைத்திருக்கும் நாடு வேறு எது என்று தெரியவில்லை. மகன் கேட்ட புண்ணியம் எங்காவது பிறக்குமென்றால் அந்தக் காலடியில்தான். பின்னால் ஒரு கார் விளக்கை அடித்து அவசரப்படுத்த, வலப்பக்கப் பாதைக்கு ஒதுங்கி 110இல் அமைதியாகப் போவது என் செயல். அப்போது திரையில் வரும் 'இரண்டு சிலிண்டர்' எனக்கும் கொஞ்சம் உரியது.

இதைச் சொன்னதும் அவன் பிடித்துக்கொண்டான். "அப்ப வேகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தால் உங்கட புண்ணியம் போயிடும் எல்லே?" என்றான். இந்த நாட்டில் அது பழைய வழக்கு. 1973 எண்ணெய் நெருக்கடியில் நவம்பர், டிசம்பர் மாதங்களின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கு ஜேர்மனி கார்களையே நிறுத்தியது. வெறும் நெடுஞ்சாலையில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் போன படங்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் என்ற எல்லையும் வந்தது, சில மாதத்தில் எடுக்கப்பட்டது. அதிலிருந்து இன்றுவரை விவாதம் ஓயவில்லை.

அவன் சொன்னது சரி. எல்லோரையும் சட்டம் 120இல் நிறுத்தினால், நான் 120இல் போவது கீழ்ப்படிதல், விரதம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். சட்டம் வரட்டும், வாக்கெடுப்பு வைத்தால் கட்டாயம் அதற்குத்தான் போடுவேன் என்றேன். என் கணக்கில் புண்ணியம் சேரவேண்டும் என்பதற்காக ஊர் முழுக்க 180இல் ஓடவேண்டும் என்று விரும்பினால், அந்த விருப்பமே புதிய வினையாகிவிடும். கீழ்ப்படியக் கிடைத்தால் கீழ்ப்படிகிறேன். தெரிவு செய்ய வேறு இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

ட்ஸ்விக்காவில் 2020 ஜூனில் எரிபொருள் கார் உற்பத்தியை முற்றாக நிறுத்திவிட்டார்கள். அங்கே கடைசியாக இறங்கிய எரிபொருள் காரும் ஒரு கோல்ஃப் கொம்பிதான். எங்கள் அடுத்த கார் மின்சாரக் காராக இருக்கும். அதிலும் புகை இல்லாததைக் காட்டி யாராவது புண்ணியம் கேட்பார்கள். இப்போதைக்கு, வருகிற தேருக்குத் தனியாகப் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். பக்கத்து ஊரில் இரண்டு மூதாட்டிகள் கோயிலுக்குப் போக வழியில்லாமல் இருக்கிறார்கள். அவர்களையும் அவர்களுடைய சக்கர நாற்காலியையும் ஏற்றினால் பின்பக்கம் நிரம்பிவிடும், எஞ்சினுக்கும் பாரம் கூடும். ஏற்றமான இடங்களில் நான்கு சிலிண்டரும் வேலை செய்யவேண்டிவரும். மகன்தான் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.