பெட்டிக்குள் இருக்கும் கடுதாசிகள்

வெள்ளாற்றில் தண்ணி ஏறினால் சேத்தியாத்தோப்புப் பக்கம் முதலில் நனைவது எங்கள் சேரிதான். அங்கே இருந்து எழுதிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் இறந்தபின் அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். கையெழுத்துப் பிரதிகள், சிறுபத்திரிகைக்காரர்கள் போட்ட கார்டுகள், இன்லண்டு லெட்டர்கள். ஆவணக்காப்பகத்தில் கொடுத்துவிடலாம் என்றேன். 'கடன் கேட்டதெல்லாம் அதுல இருக்கு தம்பி. மானம் போயிடும், கொளுத்திடுவோம்' என்றார் அண்ணி.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் 1999இல் அவற்றைத் தொகுக்க முடிந்தது. பண்டிதர் 1914இல் இறந்து 85 வருஷம் கழித்து! அச்சில் வந்ததற்கே இந்தக் கதி. ஒரே ஒரு பிரதியாக இருக்கிற கடுதாசியைக் கொளுத்தினால் எங்கே போய்த் தேடுவது? கடன் கேட்டது அண்ணனுக்கு மானக்கேடா, கூலியை அமுக்கினவனுக்கா? அண்ணி ஒத்துக்கொண்டார்.

ஆனால் கட்டின் அடியில் ஒரு கடுதாசி. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, ஆண்டை வீட்டில் தனக்கு நடந்ததை எழுதி, 'யாருக்கும் காட்டாதீங்க அண்ணே' என்று முடித்திருந்தாள். நான் படித்ததே தப்பு. காகிதம் அண்ணனிடம் வந்துவிட்டது, சொல் அவளுடையது. அதைக் காப்பகத்தில் வைத்து, எவனோ ஆய்வு செய்து பட்டம் வாங்க விடலாமா? வரலாறு வேண்டும் என்று நான் பேசுவது சுலபம். அந்த ஊரில் இன்றைக்கும் குடியிருப்பவள் அவள்.

மற்றதை மூட்டை கட்டியாகிவிட்டது. அந்த ஒன்றை மட்டும் உறையில் ஒட்டி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போகிறோம். அண்ணிதான் பேசுவார், நான் வெளியே நிற்பேன்.