செத்ததா, தூங்குகிறதா?



போன வசந்தகாலத்தில் நான் பட்ட ஒரு அவசரத்தைச் சொல்லியே ஆகவேண்டும். லண்டனில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் 'பிகோனியா கிராண்டிஸ்' என்ற பூச்செடியை வைத்திருந்தேன். பிகோனியா என்றாலே உறைபனிக்குத் தாங்காது, வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பார்கள். சீனாவைத் தாய்நாடாகக் கொண்ட இந்த வகையோ வெளியிலேயே குளிர்காலத்தைக் கடக்கும்.

எப்படி? முதல் உறைபனியில் தண்டும் இலையும் கருகி விழும். உயிரோ மண்ணுக்குள் கிழங்கில் ஒளிந்திருக்கும். இலைக்கக்கத்தில் உண்டாகும் சின்னக் குமிழ்களும் மண்ணில் உதிர்ந்து, அடுத்த வருஷம் முளைக்கும். நாம் செய்யவேண்டியது, தண்ணீர் தேங்காத இடத்தில் நட்டு, மேலே சருகு போர்த்துவதுதான். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் கிழங்கு அழுகிப்போகும்.

ஏப்ரலில் மற்றச் செடிகளெல்லாம் துளிர்த்தன. இது மட்டும் அசையவில்லை. "செத்துப்போச்சு" என்று மண்வெட்டியைப் போட்டேன். வெட்டுப்பட்ட கிழங்கு உள்ளே பச்சென்று உயிரோடிருந்தது! இது மே மாதம்வரைகூடத் தாமதித்து எழும்பும் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சில மாதமாய் முகம் காட்டாத ஒரு தம்பியைக் குறித்து, "அவன் கதை முடிஞ்சுபோச்சு" என்று சொன்னவன் நான்தானே? கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று தீர்க்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? காத்திருந்து ஏமாந்தால் ஒரு சாண் மண் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். அவசரப்பட்டாலோ ஒரு உயிர் போகும்.

உங்கள் மண்வெட்டி இன்றைக்கு யார்மேல் ஓங்கியிருக்கிறது? கீழே வையுங்கள். நான் அந்தத் தம்பி வீட்டுக்குக் கிளம்புகிறேன்.