கோடும் வேலியும்

தெருவோரத்தில் ஒரு கோடு இழுத்து, இது சைக்கிள் ஓட்டுவோர்க்கு உரியது என்று நகராட்சி எழுதி வைக்கின்றது. மறுநாளே அக்கோட்டின்மீது மோட்டார் கார் வந்து நிற்கின்றது. நிறுத்தியவரைக் கேட்பாரில்லை, அபராதம் விதிப்பாருமில்லை. சட்டம் ஏட்டளவில் உறங்கும் ஊர்களில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைப்பதால் பயனுண்டோ? எளியவனுக்கு ஊர் கொடுக்கும் வாக்கு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் அறக்கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

கண்கூடான இரண்டு சான்றுகளை எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரில் உலக நகர மாநாடு கூடிற்று. அதனையொட்டி நகர நடுவில் நீலவண்ணம் தீட்டிய சைக்கிள் பாதைகள் அமைந்தன. வண்ணம் ஒன்றே எல்லையாயிருந்த இடங்களில் கார்கள் நின்றன. மோட்டார் சைக்கிள்கள் புகுந்தோடின. யாருக்காக வழி வகுக்கப்பட்டதோ அவரே மீண்டும் வண்டிகளின் நடுவே தள்ளப்பட்டார்.

அந்நகரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேறொரு காட்சியைக் காணலாம். அங்கே 1970களில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிவழி போடப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் நீட்டப்பட்டது. அவ்வழியைப் பெருஞ்சாலையினின்று தடுப்பு பிரிக்கின்றது. நீட்டியபின் அச்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தன என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டனர்.

இரண்டும் ஒரே நாட்டில் உள்ளவை. சட்டமும், போலீசும், கார் ஓட்டும் மக்களும் ஒன்றே. ஆயினும் ஒன்று காத்தது, மற்றொன்று கைவிட்டது. கோடு, மற்றவரின் நற்குணத்தை நம்பி நிற்பது. வேலியோ எவர் குணத்தையும் கேளாது நிற்பது. அது கையூட்டு வாங்காது, நள்ளிரவிலும் கண்ணயராது, பெரிய மனிதர் கார் என்று பார்த்து விலகாது.

சிலர் கூறுவர்: "முதலில் மக்கள் மனம் திருந்தட்டும், திருந்தாதவர்க்குப் பாதை போட்டென்ன பயன்?" கேட்பதற்கு இது நியாயம்போல் தோன்றும். ஆனால் மனம் திருந்தும் வரைக்கும் காத்திருப்பவர் யார்? காருக்குள் இருப்பவர் அல்லர்; தம் உடம்பையன்றி வேறு கவசமில்லாத தொழிலாளியும் மாணவனுமே காத்திருக்கின்றனர். மலேசியாவில் 2023ஆம் ஆண்டில் 6,400க்கு மேற்பட்டோர் சாலைகளில் மாண்டனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர். வலியவன் திருந்துவதற்காகும் காலத்தின் விலையை எளியவன் உயிரால் கட்டுவது எந்த அறத்தில் சேர்ந்தது?

மேலும், மனம் திருந்திய பிறகே வழி பிறக்கும் என்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாதது. நெதர்லாந்து நாட்டில் 1971ஆம் ஆண்டில் மட்டும் 3,000க்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். அவருள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதியில் இறங்கி முறையிட்டனர். கார் ஓட்டுவோர் அனைவரும் சான்றோராகட்டும் என்று அந்நாடு காத்திருக்கவில்லை. ஆண்டுகள் பல உழைத்து, வண்டிகளினின்று பிரிந்த பாதைகளை அமைத்தது. பாதை வந்தது, பாதையோடு பழக்கமும் வந்தது.

அப்படியாயின் வேலி ஒன்றே போதுமோ? போதாது. எவ்வேலியும் சந்திப்பில் முடிந்துவிடும். அங்கே திரும்பும் லாரிக்காரரின் கண்ணும் மனச்சான்றுமே காவல். விளக்கில்லாத வழியில் திருடனுக்கு அஞ்சவேண்டும். மணலும் குழியும் கிடந்தால் வேலிக்குள்ளேயே விழவேண்டும். எனவே போலீசும் பராமரிப்பும் வேண்டியவையே. ஆனால் நீண்ட தெரு முழுவதும் காவல் நிறுத்த இயலாத ஊர், சந்திப்புகளில் மட்டும் காவல் நிறுத்த இயலும். வேலி, சட்டத்தின் சுமையைச் சட்டம் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைக்கின்றது.

இனி நம்மையும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். காரை நொந்துகொள்ளும் மோட்டார் சைக்கிள்காரர், நெரிசலைக் கண்டவுடன் சைக்கிள் பாதையில் புகுந்து சிறுவரை ஒதுங்கச் செய்கின்றார். சைக்கிள்காரர் நடைபாதையில் ஏறி முதியவரை நடுங்கச் செய்கின்றார். சிங்கப்பூரில் 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டி நடப்பவர்க்கே உரிய பாதை இருக்குமிடத்தில், அதில் சைக்கிள் ஓட்டுதல் குற்றம். தனக்கு மேலுள்ளவனிடம் நீதி கேட்பவன், தனக்குக் கீழுள்ளவனுக்கு அதனை அளிக்கக் கடமைப்பட்டவன் என்பதே அவ்விதியின் பொருள்.

வேலியும் காவலும் இல்லாத வண்ணக்கோடு, பயனற்றது என்பதோடு நில்லாது, தீமையும் செய்யும். பாதையில்லாத தெருவில் சிறுவன் அஞ்சி எச்சரிக்கையோடு செல்வான். கோட்டைக் கண்டவன் அதனை நம்பிச் செல்வான். காக்க எண்ணாத வாக்கைக் கொடுத்து ஒருவனை நம்பச் செய்வது வஞ்சனையன்றோ?

ஆகவே, நம் பகுதியில் சைக்கிள் பாதை போடுகின்றோம் என்று அறிவிப்பு வரும்போது கைதட்டிக் கலைந்துவிடாதீர்கள். கோடா, வேலியா என்று கேளுங்கள். சந்திப்பில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். தோட்டத்துச் செம்மண் வழியினின்று பெருஞ்சாலையில் ஏறிப் பள்ளிக்குச் செல்லும் பத்து வயதுப் பிள்ளையை அவ்வழியே தனியே அனுப்பத் துணிவீர்களா என்று அதிகாரிகளைக் கேளுங்கள். ஆம் என்று அவர்கள் சொல்லக்கூடிய பாதையே பாதை.