மங்கலமாய் வழியனுப்புவோம்!



சீமந்தத்துக்கு நாள் பார்க்கிறோம். காது குத்தலுக்கு மாமன் சீரைப் பட்டியல் போடுகிறோம். கல்யாணம் என்றால் ஆறு மாதத்துக்கு முன்பே மண்டபம், மேளம், பூக்காரர், சமையல்காரர் என்று எல்லோருக்கும் அட்வான்ஸ் போய்விடுகிறது. ஆனால் பதினாறு சம்ஸ்காரங்களில் கடைசியான அந்திம சம்ஸ்காரத்தைப் பற்றி மட்டும் யாராவது வாயெடுத்தால், 'விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது!' என்று அடக்கிவிடுகிறோம்.

வேப்பம்பட்டிலிருந்து ஒரு சகோதரி நம்மிடம் மனம் விட்டுப் பேசினார். சென்னை வாடகைக்குக் கட்டுப்படியாகாமல், மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்கள் அவர்கள். ஒரு நாள் நள்ளிரவில் மாமனார் சிவபதம் அடைந்துவிட்டார். சொந்த ஊர் தென்கோடியில். பக்கத்து வீடுகளும் புதுக் குடித்தனங்கள். மயானம் எது, யாரைக் கேட்க வேண்டும், பெட்டிக்கு யாரிடம் சொல்வது, எதுவும் தெரியவில்லை. 'மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழக்கூட எனக்கு நேரமில்லை. விடிய விடிய போன் பேசிக்கொண்டே இருந்தேன்' என்றார். பிறகு தயங்கியபடி ஒரு கேள்வி கேட்டார். 'என் மாமியாருக்கு எண்பது வயது. இப்போதே விசாரித்து வைத்துக்கொண்டால் பாவமா?'

இந்தக் கேள்வி உங்களில் பலர் மனத்திலும் இருக்கும். கேட்கத்தான் கூச்சம்!

ஆண்டவன் ஆடும் இடம்

பதில், அந்தச் சகோதரி தினமும் பார்க்கும் ரயில் பாதையிலேயே இருக்கிறது.

வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூர் போகும் வழியில், செவ்வாப்பேட்டையைத் தாண்டினால் புட்லூர். அங்கே அங்காளபரமேஸ்வரி நிறைமாதக் கர்ப்பிணியாக, மண்ணுருவில் மல்லாந்து படுத்திருக்கிறாள். பூங்காவனத்தம்மன் என்றும் சொல்வார்கள். பிள்ளை வரம் கேட்டும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் தேடிப் போகும் தாய் அவள். அதே அங்காளம்மனுக்குத்தான் மாசி மாதம், மகா சிவராத்திரியை ஒட்டி மயானக் கொள்ளை நடக்கிறது. மேல்மலையனூரில் அன்றைக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறப்புக்குக் காவல் நிற்பவள்தான் மயானத்துக்கும் நாயகி!

அடுத்த நிறுத்தம் திருவள்ளூர். திருஎவ்வுள் என்பது திவ்ய தேசப் பெயர். சாலிஹோத்ர முனிவரிடம் முதியவராக வந்து அன்னம் கேட்டு உண்ட பெருமாள், 'படுக்க எவ்வுள்?' என்று கேட்டு அங்கேயே பள்ளிகொண்டார் என்பது தல வரலாறு. அந்த வீரராகவப் பெருமாள் சந்நிதியில், ஹிருத்தாபநாசினி குளக்கரையில், ஒவ்வொரு அமாவாசையும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யக் கூட்டம் அலைமோதும். குளத்தின் பெயருக்கு, இதயத்தின் தாபத்தை நீக்குவது என்று பொருள்.

இன்னும் மேற்கே போனால் திருவாலங்காடு. பஞ்ச சபைகளில் ரத்தின சபை. ஈசன் திருநடனம் புரிந்தது சுடுகாட்டில் என்று பாடியவர் காரைக்கால் அம்மையார். கயிலைக்குத் தலையாலேயே நடந்துபோன அந்த அம்மை, அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க விரும்பி இங்கே வந்து அமர்ந்தார்.

ஆண்டவன் ஆடும் இடம் அமங்கலமாகுமா சொல்லுங்கள்? விசாரித்து வைப்பது பாவமில்லை. போகிறவருக்குச் செய்யும் கைங்கரியம் அது.

முன்கூட்டியே மூன்று பேச்சு

முதல் பேச்சு, வீட்டுப் பெரியவர்களிடம். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றால் வேறொரு சாவகாசமான மாலையில் பக்கத்தில் உட்காருங்கள். 'அம்மா, உங்களுக்கு எப்படிச் செய்தால் திருப்தி?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தகனமா அடக்கமா, எந்தப் புடவை, சிவபுராணம் ஓத வேண்டுமா, விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்ல வேண்டுமா, அஸ்தியை எங்கே கரைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும். நாம் கேட்கவில்லையே என்றுதான் அவர்கள் சொல்லாமல் இருக்கிறார்கள். கண் தானம் செய்ய ஆசையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் கொடுக்கலாம். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும்.

இரண்டாவது பேச்சு, ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில். உங்கள் நகருக்குரிய மயானம் எது, விறகுத் தகனமா எரிவாயுத் தகன மேடையா, எத்தனை மணி வரை, என்ன சான்று கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் இறந்தால் டாக்டரின் சான்று அவசியம். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் பென்ஷன், வங்கி, வாரிசுச் சான்று எதுவும் நகராது. அரசு மருத்துவமனையில் உயிர் பிரிந்தால், 155377 என்ற எண்ணுக்குச் சொன்னால் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும்.

மூன்றாவது, ஏற்பாட்டாளரிடம். 'ஃப்ரீசர் பாக்ஸ், அமரர் ஊர்தி, 24 மணி நேர சேவை' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் முதலில் கண்ணில் படும் நம்பருக்குப் போன் போட்டால், சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். அழும் வீட்டில் பேரம் பேச யாருக்கு வாய் வரும்? அமைதியான ஒரு நாளில் இரண்டு மூன்று இடங்களில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு நாள் வாடகையா, மணிக் கணக்கா? மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கா, இரவில் கூடுதலா? தூக்க ஆள் உண்டா? சாமியானா, நாற்காலி, பாடை, கோடித்துணி, பானை இவையெல்லாம் சேர்த்தா, தனியா? தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் மயானமும் இருந்தால் எந்த வழியாகப் போவார்கள்? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இறுதிச் சடங்கு சேவைக்கு 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. சட்டப்படி வரி கிடையாது. அப்படி ஒரு வரி பில்லில் இருந்தால் கேளுங்கள்.

தயங்காமல் பதில் சொல்பவர், உடலைத் தொடும்போது 'ஐயா', 'அம்மா' என்று மரியாதையோடு பேசுபவர் யாரோ, அவரைத் தேர்ந்தெடுங்கள். சாஸ்திரிகள், ஓதுவார் அல்லது உங்கள் வழக்கப்படி சடங்கு செய்பவரின் எண்ணையும் அதே தாளில் எழுதி, பூஜை அறை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிடுங்கள். பிறகு அதை மறந்துவிடலாம்.

பூ... எவ்வளவு, எதற்கு?

பூ விஷயத்தில் நம் பெண்களுக்கு மனம் தாங்காது. 'ஒரு குறையும் வைக்கக் கூடாது' என்று ஆளுயர மாலையும் பூப்பல்லக்கும் சொல்லிவிடுவோம். இறைவனுக்குச் சாத்துவது போலத்தான் இதுவும். சைவர்கள் வில்வமும் வைணவர்கள் துளசியும் ஒரு சரம் சேர்த்தால் போதும். அதற்கு மேல் சாமந்தியோ ரோஜாவோ சம்பங்கியோ, அவரவர் சக்திக்கு ஏற்றபடி. கடன் வாங்கிப் போட்ட மாலை, போன உயிருக்குக் கனமாகத்தான் இருக்கும்.

வழியெல்லாம் பூவை வாரி இறைப்பதைத் தயவுசெய்து குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் டூவீலரில் வருகிறவர் சறுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? மாலையை மேலே சுழற்றி எறிவதும் வேண்டாம். ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. உதிரிப் பூவை ஒரு தட்டில் வைத்து, வீட்டு வாசலிலும் மயானத்திலும் மட்டும் தூவினால் போதும். தெருவில் நாலு முழம் பூ விற்றுப் பிழைக்கும் அம்மாவிடம் வாங்கினால், அதுவும் ஒரு தானம்.

பூ என்றதும் மனம் கனக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணவர் போனதும், மனைவியை நடுக்கூடத்தில் உட்கார வைத்துத் தலை நிறையப் பூ வைத்து, பிறகு அதைப் பறிக்கும் சடங்கு. கட்டிய கணவரை இழந்த துக்கம் போதாதா? மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம், 2022-ல் கிராம சபை கூட்டி, இத்தகைய வழக்கங்களை நிறுத்தத் தீர்மானமே போட்டது. நம் வீட்டில் தீர்மானம் போட நாம் இரண்டு பேர் மனசு வைத்தால் போதும். சிறு வயது முதல் அவள் சூடிய பூ அது. விரும்பினால் அவளே எடுக்கட்டும், விரும்பாவிட்டால் இருக்கட்டும் என்று அருகில் நின்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல ஒரு பெண் வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

கொள்ளி வைக்க யார்?

'எனக்குப் பெண் பிள்ளைகள்தானே' என்று கலங்கும் தாய்மார்களே! திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளையில்லை. மாசி மகத்தன்று அண்ணாமலையாரே பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் ஸ்தானத்தில் நின்று அவருக்குத் திதி கொடுக்கிறார். ஈசனே வந்து நிற்கும் இடத்தில், பெற்ற மகள் நிற்கக் கூடாதா? 2018-ல் வாஜ்பாயின் சிதைக்கு அவருடைய வளர்ப்பு மகள்தான் தீ மூட்டினார். சென்னை அண்ணா நகர் பக்கத்து வேலங்காடு மயானத்தை 2014-ல் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெண்கள் ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். உங்கள் குல வழக்கம் எதுவோ அதைப் பெரியவர்களோடு பேசி, முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சிதை எரியக் காத்திருக்கும்போது சண்டை வேண்டாம்.

'வெளியூரார் எங்கள் மயானத்துக்கு வரக் கூடாது', 'அந்தத் தெருக்காரர்களுக்கு வேறு இடம்' என்று சொல்லும் ஊர்களும் உண்டு. ராமானுஜரின் ஆசாரியரான பெரிய நம்பிகள், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த மாறனேர் நம்பிக்குத் தாமே அந்திமக் கிரியை செய்தார். ஊர் தூற்றியது. ராமானுஜர் காரணம் கேட்டபோது, ஜடாயுவுக்கு ராமபிரான் செய்ததை எடுத்துச் சொன்னார் நம்பிகள். காட்டில், பொன்னும் பொருளும் இல்லாமல், ஒரு பறவைக்கு மகனாக நின்றாரே பெருமாள்! காஞ்சிபுரம் அருகே திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாளைச் சேவிக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதி வேறுபாடு இல்லாத பொது மயானம் கொண்ட ஊர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருவதாகத் தமிழக அரசு 2021-ல் அறிவித்ததும் இந்த நல்ல எண்ணத்தில்தான்.

ஆகவே சகோதரியரே, இந்த அமாவாசைக்கு முன்னோருக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சாதம் வைத்த பிறகு, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த பிறகு, நூறாண்டு இருக்கச் சொல்லி அவர் காலில் விழுந்து ஆசி வாங்குங்கள். அந்த நாள் வரும்போது ஓடியாட வேறு ஆள் இருப்பார்கள். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காதில் நாராயண நாமமோ நமசிவாயமோ சொல்லிக்கொண்டிருக்கலாம். அதைவிடப் பெரிய கிரியை எதுவும் இல்லை.

ஆலங்காட்டு அப்பனும் எவ்வுள் கிடந்த வீரராகவனும் உங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு நீண்ட ஆயுளும், நிறைவான காலத்தில் நல்ல கதியும் அருளட்டும்!